மூன்றாவது பதில்

"நானா, சந்திரகாந்தா ஒபிஸ் நேரத்துல சொந்த ஆளத் தேடுறா. மூணு கிழமையா இதுதான் நடக்குது."

முதலாளி லாபிரை அண்ணன் முறையில் 'நானா' என்றே கூப்பிடும், டைப் அடிக்கும் உம்மு குல்தூம் இப்படிச் சொன்னதும் அவர் முகத்தைச் சுருக்கினார். மாத்தளை டவுனில், ஒரு புடவைக் கடையின் மேல்மாடியில் அவர் நடத்தும் சின்னக் கொம்பியூட்டர் நிறுவனம் அது. இரண்டாயிரத்து ஒன்பது, ஜூன் மாதம். வடக்கில் சண்டை முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

"யாரைத் தேடுறா?"

"அவட அக்காவ. கல்யாணம் முடிச்சு வன்னிக்குப் போனவங்களாம். ஜனவரியில இருந்து ஒரு தகவலும் இல்லையாம். தாய் எல்கடுவத் தோட்டத்துல இருந்து ஒரு நாளைக்கு ரெண்டு மூணு தரம் கோல் எடுத்துக் கேக்கிறாங்க. இவ பகல் சாப்பாட்டுப் பார்சலக் கூடத் திறக்கிறதில்ல. ஒண்டு ஸ்கிரீனப் பாக்கிறா, இல்லாட்டி யாரோடயாவது போன்ல பேசுறா."

வேலை ஏன் இழுபடுகிறது என்று லாபிருக்கு இப்போது விளங்கியது போலிருந்தது.

நிவாரண அமைப்பு ஒன்று கொடுத்த வேலை அது. முகாம்களிலிருந்தும் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் வரும் பெயர்ப் பட்டியல்களை ஒன்றாக்க வேண்டும். ஓரிடத்திலிருந்து எக்ஸ்.எம்.எல். கோப்பு வரும். இன்னோரிடத்திலிருந்து ஜேசன் என்ற வேறு வகைக் கோப்பு. மற்ற இடங்களிலிருந்து வெறும் கமா போட்டுப் பிரித்த வரிகள். எது வந்தாலும் ஒரே விதமாக வாசித்துக் கொடுக்கும் புரோகிராமைச் சந்திரகாந்தா எழுதிக்கொண்டிருந்தாள். முழுக் கோப்பையும் ஒரேயடியாகத் திறந்தால் அங்கிருந்த பழைய கொம்பியூட்டர் இறுகி நின்றுவிடும். அதனால் 'அடுத்து' என்று கேட்கக் கேட்க, ஒரு நேரத்துக்கு ஓர் ஆளின் விவரத்தை மட்டும் அது எடுத்துத் தரும்.

லாபிர் அவள் மேசைக்குப் போனபோது அவள் போனில்தான் இருந்தாள்.

"இடது கையில தழும்பு இருக்கான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்கண்ணே. நான் லைன்லயே நிக்கிறேன்."

அவரைக் கண்டதும், பிறகு எடுப்பதாகச் சொல்லி வைத்துவிட்டு எழுந்தாள்.

"உக்காருங்க தங்கச்சி. போன வெள்ளிக்கிழமை குடுக்க வேண்டியது. ஏன் இன்னும் முடியல?"

"நல்ல வரியெல்லாம் அப்பவே அனுப்பிட்டேன் சேர். பிழை வரிங்கதான் மிச்சம் இருக்கு."

"'அடுத்து'ன்னு கேட்டா ரெண்டு பதில் போதும்னு முதல்லயே பேசினோம். ஒண்டு, ஆள் இரிக்கி. இல்லாட்டி, பட்டியல் முடிஞ்சுது. நீங்க மூணாவதா ஒண்டு வச்சிரிக்கீங்க."

"ஆமாங்க சேர். 'ஆள் இருக்கு, ஆனா எனக்கு வாசிக்கத் தெரியல.' அப்படிச் சொல்லிட்டு, அந்த வரிய வந்தபடியே நம்ம கையில கொடுத்துரும்."

"அது என்னத்துக்கு? வாசிக்க ஏலாத வரியத் தாண்டிப் போக வேண்டியதுதானே."

அவள் திரையில் ஒரு வரியைக் காட்டினாள்.

"இதைப் பாருங்க சேர். பேர் எழுத வேண்டிய இடத்துல, 'பச்சைச் சட்டை, மூணு வயசிருக்கும்'னு எழுதியிருக்காங்க. யார் புள்ளன்னு தெரியல போல. நடுவுல ஒரு கமா விழுந்ததால வரி உடைஞ்சுபோச்சு. தாண்டிப் போனா இந்தப் புள்ள பட்டியல்லயே இருக்காது. யாராச்சும் தேடி வந்தா, அப்படி ஒரு புள்ள இல்லன்னு சொல்லிருவாங்க."

லாபிர் அந்த வரியைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இப்பிடி எத்தனை?"

"இருநூத்திப் பதினாலு இருந்துச்சு. முகாமுக்குப் பேசிப் பேசி சரி பண்ணி, இப்ப அறுபத்தொண்ணு."

அவர் கெட்ட மனிதர் இல்லை. ஆனால் முடிந்ததா, முடிந்ததா என்று அந்த அமைப்பிலிருந்து காலையிலும் கேட்டிருந்தார்கள். அடுத்த வேலை வேறு காத்துக்கொண்டிருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"தங்கச்சி, எனக்கு விசயம் தெரியும். குல்தூம் சொன்னா. உடைஞ்ச வரிகளுக்குள்ள எங்கயாவது உங்க அக்கா இருப்பாங்கன்னு பாக்கிறீங்க. அதுக்குத்தான் இதை விட மாட்டேங்கிறீங்க."

அவள் அந்தப் பச்சைச் சட்டை வரியைத் தனியாகக் குறித்து வைத்தாள்.

"நான் பிழை சொல்ல வரல. எனக்கும் கூடப் பொறந்ததுகள் இரிக்கி. ஆனா சொந்த ஆளுக்காக முழு வேலையையும் நிப்பாட்டி வைக்கிறது நியாயமில்லைதானே. அக்காட பேரைச் சொல்லுங்க, நானே இருந்து தேடித் தாறேன். அதுக்குப் பொறகு அந்த மூணாவது பதில எடுத்துருங்க."

மேசையில் அவள் போன் அதிர்ந்தது. 'அம்மா' என்று காட்டியது. அவள் எடுக்கவில்லை. அது அடங்கும்வரை இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா பேரு வேலம்மா," என்றாள்.

லாபிர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அறுபத்தொரு வரிகளையும் ஒவ்வொன்றாக வாசிக்கத் தொடங்கினார். பத்துப் பன்னிரண்டு வரி போயிருக்கும்.

"அதுல இருக்க மாட்டாங்க சேர்," என்றாள் சந்திரகாந்தா. "அக்கா பேரு முத நாளே வந்துருச்சு. ஆஸ்பத்திரியில இருந்து வந்த இறந்தவங்க பட்டியல்ல. பேரு, வயசு, அப்பா பேரு, ஊரு எல்லாம் சரியா, ஒரு எழுத்துக்கூடப் பிழையில்லாம."