மஜீட்டின் முதுகு

பழைய சுண்ணாம்புச் சுவரில், கைகளைக் கட்டிக்கொண்டு நன்றாகச் சாய்ந்து நிற்கிறார் மஜீட். காலடியில் திறந்த வாளிக்குள் இளம்பச்சைப் பெயின்ற் மினுங்குகிறது. பெயின்ற் உதிராமலிருக்க முதலில் அடிக்கும் வெள்ளைப் பூச்சான பிறைமரின் திறக்காத வாளி மூடியில் பூனை உறங்குகிறது. வாவிக் காற்று ஜன்னலால் ஈரமாக நுழைகிறது. மகள் ஸாதியாவுக்குக் கொடுக்கப்போகும் இந்த வீட்டை, வந்து வாழப்போகிற மாப்பிள்ளையும் அவர் வீட்டாரும் நாளைக்குப் பார்க்க வருகிறார்கள். "இண்டைக்குப் பிறைமர அடிங்க. வெள்ளையாவே பாத்திட்டுப் போகட்டும்," என்கிறாள் மனைவி றஸீனா. "வெள்ளச் சுவரக் கண்டா வேல முடியல்லண்டு சொல்லுவாங்க. சுவர் கல்லு மாதிரி இரிக்கி, பிறைமர் என்னத்துக்கு?" என்று அவர் முதுகால் சுவரை இடித்தும் காட்டுகிறார். அவர் சொல்வதுதான் சரியோ என்று றஸீனாவுக்கே ஒரு கணம் தோன்றுகிறது. வென்றுவிட்ட மிடுக்கோடு மஜீட் பிறஷை எடுக்கத் திரும்பிக் குனிகிறார். சுவர்ச் சுண்ணாம்பில் பாதி அவருடைய கருநீலச் சட்டையின் முதுகில் இருக்கிறது. ஸாதியா முக்காட்டு நுனியால் வாயைப் பொத்திக்கொள்கிறாள். றஸீனா சிரிக்கவில்லை. "உங்கட முதுகத் தட்டிப் பாருங்க. நாளைக்கு மாப்பிள்ளையும் இந்தச் சுவருலதான் சாய்வார்," என்றபடி, பிறைமர் வாளியிலிருந்து பூனையைத் தூக்கி இறக்கிவிடுகிறாள்.