தந்தி வரும் இடத்தில் இடைவேளை

ஆர்லன் ஊரையே ஏமாற்றுகிறார் என்பதில் ஜோனெலுக்குச் சந்தேகமே இல்லை.

மினசோட்டாவின் அந்தச் சின்ன ஊரில் இருப்பது ஒரே தியேட்டர். அதன் முதலாளியும் ஆர்லன்தான், படம் ஓட்டுகிறவரும் அவர்தான். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மதியம், வருஷா வருஷம், அதே பழைய கறுப்பு வெள்ளைப் படம்.

போருக்குப் போன மகனுக்காக ஓர் அம்மா காத்திருக்கிறாள். அவன் செத்துவிட்டான் என்று தந்தி வருகிறது. கடைசியில் கிறிஸ்துமஸ் அன்று, செத்ததாகச் சொன்ன மகனே பனியை உதறிக்கொண்டு வாசலில் வந்து நிற்கிறான். தந்திதான் தப்பு. ஊருக்கே வசனம் மனப்பாடம். ஆனாலும் புதுப்படம் பார்க்கிற மாதிரி உட்கார்ந்து அழுவார்கள்.

ஆனால் தந்திக்காரர் சைக்கிளை விட்டு இறங்கியதும் ஆர்லன் படத்தை நிறுத்தி விளக்கைப் போட்டுவிடுவார். எல்லோரும் எழுந்து பாப்கார்ன் வாங்கப் போவார்கள். திரும்பி வந்து உட்கார்ந்தால் தந்திக் காட்சியைத் தாண்டிப் படம் ஓடிக்கொண்டிருக்கும். வேறெந்தப் படத்துக்கும் அங்கே இடைவேளை கிடையாது.

பாப்கார்ன் விற்க மனுஷன் தேடிப் பிடித்த இடத்தைப் பார் என்று, சிகாகோவிலிருந்து அந்த ஊருக்குக் குடிவந்த வருஷத்திலிருந்தே ஜோனெல் பொருமிக்கொண்டிருந்தாள். ஒருமுறை அவரிடமே கேட்டும் பார்த்தாள். இன்றைக்குக் குளிர் கொஞ்சம் அதிகம், இல்லையா என்று பதில் வந்தது.

இந்த வருஷம் ஆர்லன் பனியில் வழுக்கிக் காலை உடைத்துக்கொண்டார். கல்லூரி நாட்களில் படம் ஓட்டிப் பழகியிருந்த ஜோனெல், தானே முன்வந்து பொறுப்பை ஏற்றுக்கொண்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது.

“தந்திக்காரர் இறங்கினதும் நிறுத்திடும்மா.”

“எதுக்கு?”

“இங்க அப்படித்தான்.”

அந்த ஊர்க்காரர்களே அப்படி. பனி எத்தனை அடி விழும் என்று கேட்டால் நாள் முழுக்கப் பேசுவார்கள். மனசில் இருப்பதைக் கேட்டால், காபி சாப்பிடுகிறாயா என்பார்கள்.

ஜோனெல் சரி என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். நிறுத்துவதில்லை என்று அப்போதே முடிவும் செய்துவிட்டாள். டிக்கெட் வாங்கியவர்களுக்கு முழுப் படத்தைக் காட்டுவதுதானே நியாயம்?

அன்று மதியம் தியேட்டர் நிரம்பி வழிந்தது. படம் ஓடியது. தந்திக்காரரின் சைக்கிள் வந்து நின்றது. கீழே பாதிப் பேர் வழக்கம்போல எழுந்துவிட்டார்கள். விளக்கு எரியவில்லை. எழுந்தவர்கள் எழுந்தபடியே இருட்டில் நின்று, படம் ஓட்டும் அறையைத் திரும்பிப் பார்த்தார்கள்.

மருந்துக்கடை லாய்ட் படியேறி மூச்சிரைக்க ஓடிவந்தார்.

“நிறுத்தும்மா. மூணாவது வரிசையில வெர்னா இருக்காங்க.”

“இருந்தா என்ன?”

“அவங்க பையன் டேல் வியட்நாம்ல செத்துட்டான். இதே கிறிஸ்துமஸ் சமயத்துலதான் சேதி வந்துச்சு. அவங்க கண்ணுல இந்த சீன் படக்கூடாதுன்னுதான் ஆர்லன் அன்னையிலேர்ந்து நிறுத்துறாரு. உனக்குத் தெரியாதா?”

தெரியாது. ஊருக்கே தெரிந்த விஷயம் என்பதால் யாரும் அவளிடம் சொல்லவில்லை.

ஜோனெலின் கை சுவிட்சுக்குப் போனது. அதற்குள் திரையில் அந்த அம்மா தந்தியைப் பிரித்துவிட்டாள். இப்போது விளக்கைப் போட்டால், அழுகிற முகத்தோடு வெர்னாவை ஊர் முன்னால் வெளிச்சத்தில் உட்கார வைத்த மாதிரி ஆகிவிடும். கையை எடுத்துக்கொண்டாள்.

அப்புறம் யாரும் படம் பார்க்கவில்லை. மூன்றாவது வரிசையில் தெரிந்த நரைத்த தலையைத்தான் பார்த்தார்கள். அது அசையவே இல்லை. ஆர்லன் பாப்கார்ன் விற்கிறார் என்று தான் பேசிய பேச்செல்லாம் ஜோனெலுக்கு நினைவுக்கு வந்தது. வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

கடைசிக் காட்சி வந்தது. மகன் வாசலில் நின்றான். அப்போது அந்த அம்மா சொல்வது ஊரே சேர்ந்து சொல்லும் வசனம். இன்று ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

“சூப் ஆறிப்போச்சு, உள்ள வா,” என்று ஒரே ஒரு குரல் கேட்டது. அது வெர்னாவின் குரல்.

விளக்கைப் போட்டுவிட்டு ஜோனெல் கீழே இறங்கி ஓடினாள். ஒருவரும் வெளியே போகவில்லை.

“மன்னிச்சிருங்க வெர்னா. எனக்கு நெசமாவே தெரியாது.”

வெர்னா கண்ணைத் துடைத்துக்கொண்டார். முகத்தில் சிரிப்பு இருந்தது.

“எதுக்கும்மா மன்னிப்பு? வீட்ல டிவில போடும்போதெல்லாம் நான் முழுசாத்தான் பாக்கறேன். செத்துட்டான்னு சேதி வந்தப்புறமும் அந்தப் பையன் திரும்பி வர்றான் பாரு, அதுக்குத்தான் இந்தப் படத்தையே பாக்கறது. என் டேலுக்குத்தான் அது நடக்கல. அவனுக்காவது நடக்குதே.”

பின்வரிசையில் யாரோ மூக்கைச் சிந்தினார்கள். ஜோனெலின் பின்னாலேயே இறங்கி வந்த லாய்ட் பக்கத்து இருக்கையில் தொப்பென்று உட்கார்ந்தார்.

“அப்ப நிறுத்த வேணாம்னு எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே வெர்னா? இத்தனை வருஷமா பேசாம இருந்துட்டீங்களே.”

வெர்னா சுற்றி நின்றவர்களை ஒருமுறை பார்த்துவிட்டு, அவர்களுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“எப்படிச் சொல்றது லாய்ட்? டேல் போனப்ப எங்கிட்ட வந்து என்ன பேசறதுன்னு இந்த ஊர்ல ஒருத்தருக்கும் தெரியல. பாவம், உங்களால முடிஞ்சது அது ஒண்ணுதான். அதையும் வேணாம்னுட்டா, நீங்கல்லாம் எப்படித் தாங்குவீங்க?”