குறுக்கே நின்ற அம்மா

"கடல் தாண்டி அனுப்பறதுக்கா பொட்டப்புள்ளையப் பெத்தோம்? நான் சம்மதிக்க மாட்டேனுங்க!"

வெங்கடம்மாள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது.

ராமாமணிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சென்னையில் டாக்டருக்குப் படித்து முடித்தவள். குழந்தை வைத்தியத்தில் மேற்படிப்புக்கு ஸ்காட்லாந்தில் இடம் கிடைத்திருந்தது. அவள் 'நைனா' என்று கூப்பிடும் அப்பா சரி என்றால் போதும்.

சின்ன வயசு ஆசை அது. அப்பாவின் மில்லுக்கு மெஷின் விற்ற சீமைக் கம்பெனி கொடுத்த காலண்டரில் பனி மூடிய ஒரு தெரு. தெருக்கோடியில் ஒற்றை விளக்கு. வருஷம் முடிந்தும் அந்தப் படத்தை எடுக்க விடவில்லை அவள். பீளமேட்டு வெயிலில் பள்ளிக்கூடம் விட்டு வரும்போதெல்லாம் மனசுக்குள் அந்தப் பனியில்தான் நடந்து வருவாள். சென்னைக் கடற்கரையில் கப்பல் தெரிந்தால், அது புள்ளியாகி மறையும்வரை எழுந்திருக்க மாட்டாள்.

அப்பா சுந்தரராஜுலு மறுப்பார் என்றுதான் பயந்திருந்தாள். அவரோ சாப்பிட்டுக்கொண்டே, "யோசிக்கோணும்" என்று மட்டும் சொன்னார். அதற்குள் அம்மா குதித்துவிட்டாள்.

"யோசிக்க என்னங்க இருக்குது? பொள்ளாச்சி மாப்பிள்ளை ஊட்டுல தை மாசமே கல்யாணத்த வெச்சுக்கலாங்கறாங்க. நானும் சரின்னு சொல்லிப்போட்டேன்."

சுந்தரராஜுலுவின் கை இலையிலேயே நின்றது. "என்னையக் கேக்காமயா?"

"எங்க ஊட்டுக்காரரு என் பேச்சத் தட்ட மாட்டாருன்னும் சொல்லிப்போட்டேனுங்க."

அவர் முகம் சிவந்தது. "என்ர புள்ளைய எங்க அனுப்பறதுன்னு நீ சொல்லி நான் கேக்கோணுமா? ராமாமணி! நீ போற கண்ணு. யாரு தடுக்கறாங்கன்னு பாக்கறேன்!"

அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போனாள்.

அப்புறமும் அவள் விடவில்லை. கப்பல் பயணம் என்னமோ ஏதோ என்று நைனா ஒருநாள் தயங்கியதும், "அதைத்தானுங்க நானும் சொன்னேன்" என்று ஆரம்பித்துவிட்டாள். மறுநாளே அவர் டிக்கெட்டுக்கு ஆள் அனுப்பினார்.

பெட்டி கட்டும்போது ராமாமணிக்குத் தாங்கவில்லை.

"ஒருநாளாச்சும் எனக்காகப் பேசுனீங்களாம்மா?"

அம்மா பருப்புப்பொடி டப்பாவைத் துணியால் சுற்றி, சேலைகளுக்கு நடுவே பத்திரமாக வைத்தாள்.

கோயமுத்தூர் ஜங்ஷனில் கொச்சி ரயில் புறப்படத் தயாராக நின்றது. நைனா கூடவே போய்க் கப்பலேற்றிவிட்டு வருவதாக ஏற்பாடு. அவர் ஆரஞ்சு வாங்கப் போன நேரம், அம்மா ஜன்னலோரம் வந்தாள்.

"இன்னும் என்னம்மா பாக்கி? அதையும் சொல்லித் திட்டிப்போடுங்க."

அம்மா நைனா நின்ற பக்கம் ஒருதரம் பார்த்துக்கொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"கப்பல்ல ஏறுனதும் உள்ள போயிப் படுத்துக்காத கண்ணு. மேல நின்னு, கரை மறையற வரைக்கும் பாரு. அது எப்படி இருந்துச்சுன்னு எனக்கு எழுது."

ராமாமணி திகைத்துப்போனாள். "போகவே வேண்டாம்னு நின்னீங்களேம்மா?"

அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"உன்ர வயசு வர்றதுக்கும் முன்னால, ரங்கூன்ல இருந்த எங்கண்ணன் என்னைய அங்க வந்து படிக்கச் சொல்லிக் கூப்பிட்டாரு. கப்பல்ல போகப் போறேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேன்."

"அப்புறம் ஏம்மா போகலீங்க?"

ரயில் ஊதியது. அம்மாவின் கண் நிறைந்துவிட்டது.

"அனுப்பி வெய்யுங்கன்னு எங்கம்மா எனக்காக எங்க நைனாகிட்டக் கெஞ்சிப்போட்டுது கண்ணு. அதுலதான் கெட்டுப்போச்சு."