மடியில் ஒரு கேன்

"பெரியவரே, அந்தக் கேனைக் கீழே வைங்க. விலாவுல இடிக்குது!"

அவனியாபுரத்தில் ஷேர் ஆட்டோ கிளம்பியதுமே சரண்யாதேவி ஆரம்பித்துவிட்டாள். கல்லூரிப் பட்டிமன்றத்தில் அவளை எதிர்த்துப் பேச ஆளில்லை. ஆட்டோவில் மட்டும் இருந்துவிடுவார்களா?

"கீழ வச்சா சிந்திரும் தாயி" என்றார் மீசைக்காரப் பெரியவர். வெள்ளைக் கேனைக் கைப்பிள்ளை மாதிரி மடியில் அணைத்திருந்தார்.

"சிந்தக் கூடாத அளவுக்கு அப்படி என்ன? சாராயமா?"

சடக்கென்று பிரேக். டிரைவர் திரும்பினான்.

"சாராயமா? போலீஸ் பிடிச்சா என் வண்டியில்ல பறிபோகும்! பெருசு, இறங்கு மொதல்ல!"

"கோவப்படாதப்பா. நேரத்துக்கு ஆஸ்பத்திரியில குடுக்கணும். விட்டா மறுபடி மொதல்ல இருந்து பிடிக்கணும்."

"எதைப் பிடிக்கணும்?"

பெரியவர் கேனின் மூடியை இறுக்கினார்.

"மூத்திரம்யா. நேத்துக் காலையில இருந்து இன்னைக்குக் காலை வரைக்கும் போனது அம்புட்டும் இதுல இருக்கு. கிட்னி எம்புட்டு வேலை செய்யுதுன்னு அளந்து பார்ப்பாங்களாம்."

"யாரோடது?"

"என்னோடதுதான்!" தேவைக்கு மேலேயே சத்தமாகச் சொன்னார்.

ஆட்டோவே சிரித்துக் குலுங்கியது.

"அண்ணே, பள்ளம் பார்த்து விடுங்க. எல்லாருக்கும் அபிஷேகம் ஆயிரும்!" என்றது பின்சீட்டுக் குரல் ஒன்று.

சரண்யாதேவிக்குச் சிரிப்பு வரவில்லை.

"நாலு பேர் வர்ற வண்டியில இதையா தூக்கிட்டு வருவீங்க? நாகரிகம்னு ஒண்ணு வேணாமா? அங்க பாருங்க, முத்துச்செல்வி மூஞ்சியையே மூடிக்கிட்டா!"

முத்துச்செல்வி புதிதாகக் கல்யாணமானவள். தினமும் இதே வண்டியில்தான் ஜவுளிக்கடை வேலைக்குப் போகிறாள். மூலையில், துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு, வெளியே பார்த்தபடி இருந்தாள்.



ஆஸ்பத்திரி வாசலில் பெரியவர் கேனோடு இறங்கினார். பின்னாலேயே முத்துச்செல்வியும் இறங்கினாள்.

"பாவம், அவளுக்குக் குமட்டிருச்சு போல. கடைக்குக்கூடப் போகாம இங்கேயே இறங்கிட்டா" என்று சரண்யாதேவி தீர்ப்புச் சொல்லி முடித்தாள்.

டிரைவர் ஆள் ஏற்ற அங்கேயே நின்றான். வெளியே முத்துச்செல்வியின் குரல் கேட்டது.

"மருமக மூத்திரத்தைத் உங்களோடதுன்னு சொல்லி, எதுக்கு மாமா இம்புட்டு ஏச்சு வாங்குனீங்க? நானே சொல்லிருப்பேன்ல?"

"அட போ தாயி! நான் இன்னைக்கு ஒருநாள் ஏறுனவன். நாளைக்கும் இதே வண்டியில நீயில்ல வேலைக்குப் போகணும்!"