முத்தம்மாள் வாசலில் முதலாளி

அன்று அந்த வாசலில் இருந்தவர்கள் நான்கே பேர். உப்பளக்காரர் தட்சணாமூர்த்தி, அவர் மனைவி அஞ்சம்மாள், முன்பு அவர்களிடம் கூலிக்கு உப்பு வாரிய முத்தம்மாள், பாண்டிச்சேரி மில்லில் வேலை பார்க்கும் அவள் மகன் மண்ணாங்கட்டி. எழுபத்து நாலாம் வருஷத்து மழையில் உப்பு அம்பாரம் பாதி கரைந்துபோயிருந்தது.

“முத்தம்மா, உன்னை நம்பித்தான் வந்திருக்கேன். முடியாதுன்னு மட்டும் சொல்லிடாத.”

“போன மழைக்கு என் பேத்தி ஜுரத்துல கெடந்தப்ப, நானும் உங்க வாசல்ல இப்படித்தான் நின்னேன் மொதலாளி. என்ன சொன்னீங்க?”

அவர் தலை குனிந்தார். அந்தக் குழந்தை பிழைக்கவில்லை.

“நான் கண்ணை மூடித் தூங்கி ஒரு வருஷமாச்சும்மா.”

“நீங்க தூங்கணும்னு நான் எதுக்குங்க கவலைப்படணும்?”

அஞ்சம்மாளுக்கு உடம்பெல்லாம் கூசியது. அந்தக் குடும்பத்து ஆண் எவரும் இன்னொருவர் வாசலில் நின்று கெஞ்சியதில்லை. “போதும், வாங்க” என்று கையைப் பிடித்து இழுத்தாள். அவர் நகரவில்லை.

“மண்ணாங்கட்டி, நீயாவது அம்மாவுக்குச் சொல்லுப்பா.”

“இன்னிக்கு ‘சொல்லுப்பா’வா? முன்னெல்லாம் ‘டேய்’தானே! கெளம்புங்க மொதலாளி, மழை வருது.”

கதவைச் சாத்திவிட்டான்.

மழையில் நொடித்துப்போன தட்சணாமூர்த்தி கூலிக்காரியிடம் கடன் கேட்டு நின்றார் என்று மரக்காணம் பூராவும் பேசினார்கள். அது பொய். அந்த வீட்டார் யாரிடமும் கை நீட்டியவர்கள் அல்லர். மடியில் கட்டிக் கொண்டுபோன பணத்தை வாங்கிக்கொள்ளச் சொல்லித்தான் அவர் கெஞ்சினார். அவள் வாங்கவில்லை.