வெள்ளிக்கிழமைக் கட்டம்

பலாங்கொடை மலைத் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தின் தகரக் கூரையில் மழை சடசடக்கிறது. அரைச்சுவருக்கு அப்பால் நான்காம் வகுப்பு வாய்ப்பாட்டைக் கத்துகிறது. இந்தப் பக்கம் ஜன்னல் கட்டையில் பதினெட்டுச் சிரட்டைகள். திங்கட்கிழமை மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஊன்றிய முளைகட்டிய பயறு. தினமும் அளந்த உயரம் சுவர் அட்டையில் ஏறிக்கொண்டே வந்திருக்கிறது; இன்றைய வெள்ளிக்கிழமைக் கட்டம் மட்டும் வெறுமையாக நிற்கிறது. பத்து மணிக்கு அட்டையையும் செடிகளையும் பார்க்க ஆசிரிய ஆலோசகர் வருகிறார். அடிமட்டத்தோடு குனிந்த மெர்சி டீச்சர் நிமிரவேயில்லை. ஒரு செடிக்கும் தலையில்லை. வெறும் தண்டுகள், நுனியில் சொட்டு ஈரம். "யாரு கிள்ளுனது?" கடைசி வாங்கிலிருந்து லோகேஸ்வரி எழுகிறாள். "நாந்தான் டீச்சர். விட்டா முத்திரும் தானே. கிள்ளுனாத்தான் நல்லா தழைக்கும்னு கொழுந்து நிறுத்துட்டு வர்றப்ப எங்கம்மா சொல்லுவாங்க." "அஞ்சு நாளா தொடாதீங்க, தொடாதீங்கன்னு தொண்டை கிழியக் கத்துறேனே! இது என்ன தேயிலையா?" மேசையில் ஓங்கி அடித்த அடிமட்டம் இரண்டாகிறது. வாய்ப்பாடுகூட ஒரு நொடி நின்றுவிடுகிறது. லோகேஸ்வரி தன் சோற்றுப் பெட்டியை எடுத்துக்கொண்டு முன்னால் வருகிறாள். மூடியைத் திறந்து நீட்டுகிறாள். உள்ளே பதினெட்டுத் தளிர்களும் நசுங்காமல் கிடக்கின்றன. "ஒரு முத்தல்கூட இல்ல டீச்சர்," என்கிறாள் மெதுவாக. "நிறுக்கலையா?"