சிந்தாத ஏரி

மேசைமேல் கறுப்பு மையில் வரைந்த ஓவியம் ஒன்று கிடந்தது. அதில் ஒரே ஒரு படகு. மற்றபடி எல்லாம் வெள்ளைத் தாள்தான்.

பக்கத்தில் இருந்த நீல பெயின்ட் ட்யூபுக்குப் பொறுக்கவில்லை. வாங்கியதிலிருந்து அதன் மூடியை யாரும் திறக்கவே இல்லை.

"இவ்வளவு இடத்தைக் காலியா விட்டுட்டு உன்னைத் தனியா நிக்க வெச்சிருக்காங்களே! என்னைக் கூப்பிடு, நான் ஏரி ஆயிடறேன்" என்றது படகிடம்.

"வேண்டாம். நான் ஏரியிலதான் நிக்கிறேன்" என்றது படகு.

"எங்கே ஏரி? ஒரு கோடுகூட இல்லையே!"

"கோடு போட்டா அலை வந்துடும். இந்த ஏரிக்காக ஓவியர் செண்பகவல்லி மூணு நாள் பிரஷ்ஷைத் தொடாம சும்மா உட்கார்ந்திருந்தாங்க."

"சும்மா இருக்கிறதெல்லாம் ஒரு வேலையா?" என்று நீலம் சிரித்தது.

அப்போது ஃபேன் காற்றில் தாள் படபடத்து மேசை விளிம்புக்கு நகர்ந்தது. ஓடிவந்த செண்பகவல்லி, கைக்கு எட்டிய நீல ட்யூபை எடுத்துத் தாளின் ஓரத்தில் பாரமாக வைத்துவிட்டுப் போனார்.

காற்று விடாமல் இழுத்தது. நீலம் உருளாமல், பல்லைக் கடித்துக்கொண்டு அப்படியே கிடந்தது.

"என்ன, சும்மாதானே இருக்கே?" என்று கேட்டது படகு.

"பேச்சுக் கொடுக்காதே" என்றது நீலம். "ஏரி சிந்திடும்."